இராயனின் சாலையில் ஒரு மைல்



ரோமர் அமைத்த சாலைகளே சுவிசேஷம் விரைந்து பரவ வழிவகுத்தன என்று பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அது மெய்தான். ஆயினும் அந்தச் சாலைகள் யாருக்காகப் போடப்பட்டன, அவற்றின் பாரத்தை யார் சுமந்தார்கள் என்று நாம் அதிகமாய்க் கேட்பதில்லை.

பவுலும் பர்னபாவும் பெர்கேயிலிருந்து பிசீதியா நாட்டு அந்தியோகியாவுக்குப் போனதை அப்போஸ்தலர் 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த மலைநாட்டில் கி.மு. 6-இல் அகுஸ்துராயனின் ஆளுநர் செபாஸ்தே சாலையை அமைத்தார். ஓய்வுபெற்ற போர்ச்சேவகரின் குடியேற்ற நகரங்களை இணைப்பதும், அடங்காத மலைவாசிகள்மீது படையை விரைந்து அனுப்புவதுமே அதன் நோக்கம்.

அந்தப் படை எப்படிப்பட்டது? எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம், அதைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை. இப்படிப்பட்ட பத்துக் குழுக்கள் ஒரு நூற்றுக்கு அதிபதியின் கீழ் இருந்தன. ஆம், பெயரில் நூறு இருந்தாலும் அவனிடம் இருந்தவர்கள் ஏறக்குறைய 80 பேரே! அத்தகைய ஆறு பிரிவுகள் சேர்ந்தது ஒரு பட்டாளம். பத்துப் பட்டாளங்கள் சேர்ந்தது லேகியோன், ஏறக்குறைய 5,000 பேர்.

சாலையில் செல்லும் சேவகரும் அதிகாரிகளும் வண்டியையும் மிருகத்தையும் வழியோரக் கிராமங்களிலேயே கேட்டு வாங்கினார்கள். அது எவ்வளவு கொடுமையாயிற்று என்பதற்குச் சாட்சியாக ஒரு கல்வெட்டு இன்றைய துருக்கியில் கிடைத்துள்ளது. திபேரியுராயனின் ஆட்சித் தொடக்கத்தில், சொட்டிடியஸ் ஸ்ட்ராபோ என்னும் ஆளுநர் பிசீதியாவின் சகலாசோஸ் நகரத்தாருக்காக வெளியிட்ட ஆணை அது. கூலி கொடாமல் எவரும் வண்டி எடுக்கலாகாது என்று இராயர்களே தடுத்திருந்தும் சிலர் அடங்கவில்லை என்று அவர் மனம் வெதும்பி எழுதுகிறார். பின்பு கூலியை வரையறுக்கிறார்: குறிப்பிட்ட தூரத்திற்கு வண்டிக்கு 10 அஸ், கோவேறு கழுதைக்கு 4, கழுதைக்கு 2. (இரண்டு அடைக்கலான் குருவிகளை ஒரு காசுக்கு விற்பதாகக் கர்த்தர் சொன்னாரே, அந்தக் காசும் அஸ்தான்.) சொந்த இலாபத்திற்காகத் தானியம் ஏற்றிச் செல்பவருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை என்றும் சேர்க்கிறார். அப்படியும் நடந்திருக்கிறது என்பதே அதன் பொருள். ஆணை இலத்தீனிலும் கிரேக்கிலும் பொறிக்கப்பட்டது: கேட்பவனும் வாசிக்கவேண்டும், கொடுப்பவனும் வாசிக்கவேண்டும்.

இதை மனதில் வைத்து மத்தேயு 5-ஆம் அதிகாரத்து இரண்டாம் மைலை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். ரோம மைல் என்பது ஆயிரம் இரட்டை அடிகள், ஏறத்தாழ 1,480 மீட்டர். அதை நாம் அன்பாய்ச் செய்யும் கூடுதல் உதவியாகவே நினைக்கிறோம். கர்த்தருடைய வார்த்தையைக் கேட்டவர்களுக்கோ அது உழவை விட்டு, அந்நியனுடைய மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்ட ஒரு நாள். ‘பலவந்தம்’ என்று நம் வேதாகமத்தில் வரும் அந்த இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், அரசுப் பணிக்காக ஆளையும் மிருகத்தையும் பிடிப்பதைக் குறிக்கும். பாரசீகரின் அஞ்சல் முறையிலிருந்து வந்த சொல் அது.

அதே சொல்லை மத்தேயு மறுபடியும் 27-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அங்கே பிடிக்கப்பட்டவன் சிரேனே ஊரானாகிய சீமோன். அவன்மேல் ஏற்றப்பட்டது சேவகனுடைய மூட்டை அல்ல, சிலுவை. அவனுக்குக் கூலி கொடுத்ததாக எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. மாற்கு மட்டும் அவனுடைய இரண்டு குமாரரின் பெயரை எழுதி வைக்கிறார்: அலெக்சந்தர், ரூப்பு.