தகுதிகாண் பருவம் முதல் ஏலக்களம் வரை: சென்னை ஹாக்கியில் பின்கள வீரரின் இரண்டாம் ஒப்பந்தம்

முன்கள வீரரின் திறமை கோல் கணக்கில் விரைவாகத் தெரிந்துவிடும். எதிரணியின் நகர்வை முன்கூட்டிக் கணிப்பது, வட்டத்துக்குள் பிழையின்றித் தடுப்பது, பெனால்டி கார்னரில் டிராக் ஃப்ளிக் அடிப்பது எனப் பின்கள வீரரின் கலை ஆண்டுக்கணக்கில் கனிவது. எனவே முதல் வாய்ப்பு முடிந்த பின், இருபத்திரண்டு வயதை ஒட்டி, அவரை யார் எத்தனை ஆண்டுகளுக்கு ஏற்கிறார்கள் என்பதே அவரது ஆட்ட வாழ்வைத் தீர்மானிக்கிறது. சென்னையும் தாம்பரம் வரையிலான தென்புறநகரும் இதற்குக் கண்ட விடைகள் மாறிவந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேலையே ஒப்பந்தம்

1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. ரயில்வே குடியிருப்பும் கல்லூரி மைதானமும் இப்பகுதியின் விளையாட்டுக்குத் தளமாயின. பரங்கிமலை, பல்லாவரம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஹாக்கி வழிவழியாக வந்தது. 1951இல் தெற்கு ரயில்வேயும் 1955இல் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையும் தோன்றின. இவற்றோடு வங்கிகளும் அணிகளை நடத்தின.

இந்நிறுவனங்களில் விளையாட்டு வீரர்களுக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவர் தகுதிகாண் பருவத்தை முடித்ததும் பணி நிரந்தரமாகும். ஓய்வு வயது வரை ஊதியம் உறுதி. அதுவே அவருக்கு இரண்டாம் ஒப்பந்தம். ஒரு பருவம் சோபிக்காவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிம்மதி, மெதுவாகக் கனியும் பின்கள ஆட்டத்துக்குப் பொருத்தமாக அமைந்தது. தொகை சிறிது, காலம் நெடிது.

லீக்குகளின் காலம்

2005இல் பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ், 2012இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் எனத் தனியார் அணிகள் வந்தன. முன்னது 2008இலும் பின்னது ஒரே பருவத்தோடும் நின்றன. 2013இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் 2017க்குப் பின் ஏழு ஆண்டுகள் நடக்கவில்லை. லீக்கின் ஆயுளே நிச்சயமில்லாதபோது நீண்ட ஒப்பந்தத்துக்கு இடமேது?

அந்த லீக் மீண்டும் தொடங்குவதற்காக நடந்த 2024 அக்டோபர் ஏலத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணி, நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சம் ரூபாயும் இந்தியாவின் அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம் ரூபாயும் கொடுத்தது. இருவரும் பின்கள வீரர்கள். இருவரும் ஒலிம்பிக் பதக்கம் வென்ற பிறகே இந்த விலையைப் பெற்றவர்கள். ரோஹிதாஸ் 2013இல் இந்திய அணிக்கு வந்து, இடமிழந்து, 2017இல் திரும்பி, டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றபோது வயது 28. ஏலச்சந்தை கனிந்த பழத்துக்கு விலை தருகிறது. காய்க்கும் மரத்துக்கு நீர் ஊற்றுவதில்லை.

ஒப்பீடு

வட அமெரிக்காவின் பனி ஹாக்கி லீக்கான என்.எச்.எல். இளம் பின்கள வீரரின் இரண்டாம் ஒப்பந்தத்தை வேறுவிதமாக அணுகியது. லாஸ் ஏஞ்சலிஸ் அணி 2011இல் தன் இளம் பின்கள வீரர் ட்ரூ டவ்டியுடன் 8 ஆண்டுகளுக்கு 5.6 கோடி டாலரில் இரண்டாம் ஒப்பந்தம் செய்தது. மான்ட்ரியல் அணியோ 2013இல் பி.கே. சுப்பனுக்கு இரண்டே ஆண்டுகள் தந்தது. அவர் அதே பருவத்தில் சிறந்த பின்கள வீரர் விருதை வெல்ல, 2014இல் 8 ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர் தர நேர்ந்தது. காத்திருந்த அணி கூடுதல் விலை கொடுத்தது.

விமானப்படைத் தளமுள்ள தாம்பரத்தில், எத்தனை ஆண்டுகளுக்கு ஏற்பது என்ற கேள்வி இன்று வேறு வடிவில் எழுகிறது. 2022இல் வந்த, படைகளுக்கு ஆள்சேர்க்கும் அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன்பின் 25 சதவீதம் வரையிலானோரே நிரந்தரப் பணிக்குத் தேர்வாவர். இத்திட்டத்தின் வழியே விளையாட்டு வீரராகச் சேரும் பின்கள இளைஞரின் தேர்வு, அவர் ஆட்டம் முதிர்வதற்கு முன்பே வந்துவிடும்.

முடிவு

பழைய முறையில் காலம் இருந்தது, பணம் குறைவு. புதிய முறையில் பணம் இருக்கிறது, காலம் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று நிரப்ப வேண்டும். ரயில்வேயும் அரசு நிறுவனங்களும் நிரந்தர வேலைகளைச் சுருக்காமல் தொடர வேண்டும். லீக் அணிகள் உள்ளூர் இளம் பின்கள வீரர்கள் சிலரையேனும் பல பருவங்களுக்கு ஏற்க வேண்டும். அந்த நம்பிக்கை இருபத்திரண்டு வயதில் கிடைத்தால்தான், இருபத்தெட்டில் இந்தியாவுக்காகத் தடுக்க ஒருவர் களத்தில் இருப்பார்.