இரண்டு பட்டியல்

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணச் சோனகத் தெருவைவிட்டு வெளியேற விடுதலைப் புலிகள் எங்களுக்குத் தந்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தளம் வந்து கிடுகுக் கொட்டில் கட்டினோம். பிறகு சங்கம் கட்டினோம். 2002 ஏப்ரல் 13இல் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் எங்கள் மீள்திரும்பல் குறித்து உடன்பட்டபோது சங்கத்துக்கு இரு தலைவர்கள். ஊர் திரும்புவோர் பட்டியலும் இரண்டு. விதவையான ஓர் உம்மாவின் பெயர் இரண்டிலும் இல்லை. "நான் எந்தத் தலைவருடைய ஆள், தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கி.பி. 644இல் கத்திக்குத்துப்பட்டுக் கிடந்த உமர் (ரலி) அவர்கள், அடுத்த கலீஃபாவைத் தெரிவுசெய்ய அறுவரை நியமித்தார்கள். மகன் அப்துல்லாஹ் ஆலோசனை கூறலாம், பதவிக்கு வரக்கூடாது என்றார்கள். அறுவரில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் முதலில் தமது உரிமையை விட்டார்கள். அதன் பின்பே மதீனாவாசிகளிடம் கேட்டறிந்து உஸ்மான் (ரலி) அவர்களின் பெயரைச் சொன்னார்கள்.

இந்த வரலாற்றைப் பள்ளிவாசல் மஷூராவில் ஒரு மூத்தவர் நினைவூட்டினார். பதவி கேளாத மூவர் வீடுவீடாகச் சென்று ஒரே பட்டியல் எழுதினார்கள். அந்த உம்மாவின் பெயர் முதலில் இருந்தது. தலைவரைப் பிறகுதான் தெரிவுசெய்தோம். தன் உரிமையை விடத் தெரிந்தவரே நடுவராக முடியும். இதை நாங்கள் ஊரை இழந்த பிறகுதான் படித்தோம்.