இரட்டைப் பட்டை வண்டி

கனடாவில் நான் வசிக்கும் ஊரில் பனிச்சறுக்குப் பாதையைச் சமன் செய்வது இன்றும் ஒரு பழைய ஸ்கீ-டூ ஆல்பைன்தான். முன்னே ஒற்றைச் சறுக்கு, அடியில் இரண்டு அகலப் பட்டைகள். பாரம் பரவுவதால் பனியில் புதையாது. திருப்புவதுதான் பெரும்பாடு! பல்சக்கரம் மாற்றி இழுவையைக் கூட்டி, பின்னால் இரும்புச் சட்டம் கட்டியிருக்கிறார்கள். விசிறிக் காற்றில் இயந்திரம் குளிர்வதால் மெதுவாக ஊர்ந்தாலும் தாங்குகிறது.

இதன் கதை கியூபெக்கின் வால்கூரில் தொடங்குகிறது. 1934 குளிர்காலத்தில் பாதைகள் பனியில் மூடிக்கிடக்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியேவின் இரண்டு வயது மகன் இறந்துபோனான். அவரோ பதினைந்து வயதிலிருந்தே பனிவண்டி செய்து பார்த்தவர். அந்தத் தகப்பனின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

1937-ல் ஏழு பேர் ஏறும் பி-7 வந்தது, வைத்தியர்களுக்கும் பயன்பட்டது. சிறிய ஸ்கீ-டூ 1959-ல்தான். அதன் முதல் வண்டிகளில் ஒன்று வட ஒன்ராறியோவில் ஊழியம் செய்த பாதிரியார் நண்பருக்குப் போனது.