ஏட்டில் ஏறாத வாணம்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று செல்லும் சாலையில் பயணம் செய்வோர், மேற்குமலைத் தொடரையும் முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் கண்டு மகிழ்வர். 1996 முதல் தேனி மாவட்டத்தில் அடங்கியுள்ள இப்பள்ளத்தாக்கு, 18ஆம் நூற்றாண்டில் திண்டுக்கல் சீமையின் ஒரு பகுதியாகும். 1755ஆம் ஆண்டளவில் அச்சீமைக்கு மைசூர் அரசின் பவுஜ்தாராக வந்தவர் ஹைதர் அலி. விண்வெளித் தொழில்நுட்ப நூல்களைப் பற்றி எழுதப் புகுந்த நாம் இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

ஹைதரின் தந்தை பதஹ் முஹம்மது, ஆர்க்காட்டு நவாபின் படையில் வாண வீரர்களுக்குத் தலைமை தாங்கியவர். மைந்தரோ திண்டுக்கல்லில் பிரெஞ்சுத் தொழில் வல்லுநரின் துணையோடு படைக்கலச் சாலை அமைத்தார். பின்னர் ஹைதரும் அவர் மகன் திப்பு சுல்தானும் வளர்த்த மைசூர் வாணமே, உலக ராக்கெட் வரலாற்றில் தனி இடம் பெற்றது.

அதன் நுட்பம் எளிது. திருவிழா வாணத்தில் மருந்தைக் காகிதக் குழலில் அடைப்பர். மைசூரார் இரும்புக் குழலில் அடைத்தனர். காகிதம் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும். அழுத்தம் மிகுந்தால் பின்வாயில் வழியே சீறும் வாயுவின் வேகம் மிகும். வாணம் செல்லும் தொலைவும் மிகும். உடன் கட்டிய மூங்கில் கழி, வால் போல் நின்று திசையைக் காத்தது. இன்றைய திட எரிபொருள் ராக்கெட்டின் அடிப்படையும் இதுவே.

இத்துணைத் திறம் படைத்தோர் அதனை நூலாக எழுதி வைத்தனரா? இதுவே நம் கேள்வி.

எழுதும் மரபு நம் முன்னோர்க்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்-ரம்மாஹ், வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறையையும் மருந்துக் கலவைகளின் அளவுகளையும் அரபு நூலொன்றில் குறித்து வைத்தார். திப்புவின் ஆணைப்படி ஜைனுல் ஆபிதீன் ஷூஸ்தரி பாரசீகத்தில் இயற்றிய 'பத்ஹுல் முஜாஹிதீன்' நூலும், ஒவ்வொரு படைப்பிரிவிலும் வாண வீரர் 200 பேர் இருக்க வேண்டுமென வகுத்தது. எனினும் அது படை ஒழுங்கு கூறும் நூல். குழல் செய்யும் பக்குவமும் மருந்து இடிக்கும் பதமும் பெரும்பாலும் கைவினைஞரின் கையோடும் கண்ணோடுமே நின்றன.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. வாணங்கள் இங்கிலாந்துக்குச் சென்றன. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பார் அவ்வகை வாணத்தைப் பலவாறு சோதித்தார். எடையையும் தொலைவையும் அளந்தார். 1807இல் கோபன்ஹேகன் நகரின் மீது அவருடைய வாணங்கள் பொழிந்தன. அம்மட்டோ! தம் முறைகளைப் படங்களோடு 1814இல் நூலாகவும் வெளியிட்டார். அதன் பின் உலகம் அதனைக் 'காங்கிரீவ் வாணம்' என்றே அழைத்தது. செய்தவன் பெயர் மறைந்தது. எழுதியவன் பெயர் நிலைத்தது. இதற்காகக் காங்கிரீவை மட்டும் குறை கூறுவது நீதியாகாது.

2018இல் கர்நாடகத்தின் நகரா என்னும் ஊரில், பாழடைந்த கிணறொன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாணக் குழல்கள் துருப்பிடித்த நிலையில் எடுக்கப்பட்டன. கிணறு குழலைத்தான் காத்துத் தந்தது. அதைச் செய்த கொல்லனின் அறிவைத் தரவில்லை.

1963இல் அமெரிக்காவின் வாலப்ஸ் ராக்கெட் தளத்துக்குச் சென்ற இராமேசுவரத்து இளைஞர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், அங்கே ஓர் ஓவியத்தைக் கண்டார். வாணம் ஏவும் திப்புவின் வீரர்கள் அதில் இருந்தனர். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தது. 1980 ஜூலை 18 அன்று, கலாம் இயக்கிய எஸ்.எல்.வி.-3 ரோகிணித் துணைக்கோளை விண்ணில் நிறுத்தியது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 திட்டத்துக்கு இயக்குநராய் விளங்கியவர், இதே மலைத்தொடரின் அடியிலுள்ள செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி.

கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, நம் விமானத்தை நாமே செய்ய வேண்டுமெனத் தமிழில் ஒரு கட்டுரை எழுதினார். கல்லூரித் தமிழ்ச் சங்கப் போட்டியில் அது முதற்பரிசு பெற்றது. பரிசளித்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். விமானக் கலையைத் தமிழில் எழுத இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

திப்புவின் பெயரைச் சொல்லி மேடைகளில் நாம் பெருமை கொள்கின்றோம். அப்பெருமை போதாது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரால் 1956 முதல் கல்லூரி நடைபெற்று வருகின்றது. இப்பள்ளத்தாக்கின் பிள்ளைகள் பட்டறையிலோ ஆய்வுக்கூடத்திலோ எங்குப் பணிபுரிந்தாலும், தாம் கற்ற நுட்பத்தைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். நம் இல்லங்களும் அத்தகைய நூல்களை விலை கொடுத்து வாங்கிப் படிக்க வேண்டும். கையில் உள்ள கலை ஏட்டிலும் ஏறட்டும். இன்னொரு கிணற்றில் துருப்பிடிக்க வேண்டாம்.