ஊவா மலைப்பாதைகளும் குடும்ப நடையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஊவா மாகாணத்தின் மலைப்பாதைகளில் நடப்பதற்கென்றே பிறநாட்டாரும் நம் நாட்டு நகரத்தாரும் இன்று குடும்பம் குடும்பமாக வருகின்றனர். எல்ல, தெமோதரை, அப்புத்தளை, நமுனுகுல ஆகிய இடங்களிலுள்ள தேயிலைத் தோட்டப் பாதைகளைச் சிறுவரும் முதியவரும் இளைப்பின்றி நடக்கத்தக்க பாதைகள் எனச் சுற்றுலாக் கைந்நூல்கள் புகழ்கின்றன. அப்புகழ்ச்சி பொய்யன்று. ஆயின், இத்துணைச் செங்குத்தான மலைகளில் இப்பாதைகள் எவ்வாறு எளியனவாயின? இவற்றை வெட்டியோர் யாவர்? சுற்றுலாப் பயணிகள் வருமுன்னர் இவற்றில் நடந்த குடும்பங்கள் எவை? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமுனுகுல என்னும் சிங்களப் பெயருக்கு ஒன்பது சிகரங்கள் எனப் பொருள் கூறுவர். ஊவா வடிநிலத்தின் கிழக்கு விளிம்பில் 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் இம்மலை, பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் பசறையிலிருந்தும் கண்ணுக்குப் புலப்படுவது. இலங்கையின் மலைநாடு எரிமலைக் குழம்பினால் அமைந்ததன்று. மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. அப்பாறைகளின் மேற்படிந்த மண்ணைப் பெருமழை எளிதில் அரித்துவிடும். எனவே, இங்கு ஒரு பாதை நிலைக்க வேண்டுமாயின் அதனை வெட்டினால் மட்டும் போதாது. ஆண்டுதோறும் காத்தலும் வேண்டும்.

தோட்டங்கள் தோன்றுமுன் இம்மலைகளில் பாதைகளே இருக்கவில்லை என எண்ணுதல் தவறாகும். ஊவாவின் சிங்களக் கிராமங்களை இணைத்த ஒற்றையடிப் பாதைகள் பழமையானவை. 1817-18ஆம் ஆண்டுகளில் பிரித்தானியருக்கெதிராக எழுந்த ஊவாக் கிளர்ச்சியின்போது போராடியோர்க்கு அப்பாதைகளே துணை நின்றன. யானைகளும் பாதை வகுத்தன. மலையின் மிக இலகுவான சரிவைத் தேர்ந்து செல்லும் யானைத் தடங்களின் திறத்தை எமர்சன் தெனன்ற் 1859இல் வெளிவந்த தம் நூலில் வியந்துள்ளார். பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் றோஜர்ஸ் ஊவாவில் வீதிகள் அமைத்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்றும் பெயர் பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் இடி தாக்கி அவர் மாண்டார். யானைத் தடம் மறைந்து கோப்பித் தோட்டப் பாதை தோன்றிய காலத்திற்கு அவர் வாழ்வு பொருத்தமானதோர் அடையாளம் எனலாம்.

கோப்பிச் செய்கைக்கெனத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்த வழி நெடியது. இராமேசுவரப் பகுதியிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியோர், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியே காட்டினூடாக நடந்து மாத்தளையை அடைந்தனர். நீரின்மையும் காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிற் பலரைக் கொண்டன. இறந்தோர் தொகை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இறப்புகள் மிகப் பல என்பதில் ஐயமில்லை. ஊவாத் தோட்டங்களுக்குரியோர்க்கு மாத்தளையோடு நடை முடிந்துவிடவில்லை. கண்டியைக் கடந்து மேலும் பல நாள் அவர்கள் மலையேற வேண்டியிருந்தது.

கோப்பிக் காலத்தில் வந்தோருட் பெரும்பாலோர் ஆடவர். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினோரும் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். கங்காணிமார் உற்றார் உறவினரைக் கூட்டமாக அழைத்துவந்தனர். இவ்வாறு, கைக்குழந்தையும் கிழவியும் உட்படக் குடும்பம் முழுவதும் மலையேறியது. ஊவா மலைகளில் தமிழர்தம் 'குடும்ப நடை' தொடங்கிய வரலாறு இதுவே.

தோட்டத்துப் பாதைகளின் அமைப்பும் இங்கு நோக்கற்பாலது. அவை இருவகைப்படும். ஒன்று, கரத்தை வீதி. சுமையேற்றிய மாட்டுவண்டி ஏற வேண்டியிருந்தமையால், மலையைச் சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாக உயருமாறு அது வெட்டப்பட்டது. இன்று சிறுவரும் அதில் நடக்க இயல்வதற்குக் காரணம், அன்று மாட்டின் இழுவலிமைக்கேற்ப அதன் சரிவு அளக்கப்பட்டமையே. மற்றையது, லயன்களிலிருந்து மலைக்கும் ஸ்டோருக்கும் செங்குத்தாக ஏறும் குறுக்குப்பாதை. இது அளவுகோலின்றித் தொழிலாளர் கால்களால் ஆனது. இவ்விரண்டையும் மழை கொண்டுபோகாமற் காப்பவை, சரிவுக்குக் குறுக்கே வெட்டப்பட்ட கான்களும் கல்லடுக்கிய அணைகளுமாம். கான் வெட்டுதல் ஒருமுறையோடு முடியும் வேலையன்று. தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த உழைப்பு.

விடியுமுன் பெரட்டுக்களத்திற்கு நடை. அங்கிருந்து குறிக்கப்பட்ட மலைக்கு நடை. குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுச் செல்ல நடை. கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றிற் சுமந்து நிறுக்குமிடத்திற்கு நடை. தோட்டப் பெண்ணொருத்தியின் நாள் இவ்வாறு நடையாலேயே அளக்கப்பட்டது. ஆயினும், இந்நடைக்குத் தனிக் கூலியென்று ஒன்று இருந்ததில்லை. கூலி, பறித்த கொழுந்துக்கும் கணக்கிற் பதிந்த பேருக்குமே உரியதாயிற்று.

இப்பாதைகள் எவரும் உலாவத்தக்க பொதுவழிகளாகவும் இருக்கவில்லை. தோட்டத்துள் அந்நியர் நுழைவதைத் துரைமார் தடுக்க முடிந்தது. தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பிய கோ. நடேசய்யர், புடைவை வியாபாரி வேடம் பூண்டே தோட்டங்களுட் புகுந்தார் என்பது மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. இன்று ஒரு பயணி தடையின்றி நடந்து செல்லும் பாதையில், அந்நாளில் ஒரு தொழிற்சங்கவாதி மாறுவேடத்துடன் நடக்க வேண்டியிருந்தது.

கட்டாயத்தால் நேர்ந்த இந்நடைகளிடையே, விருப்பத்தால் மேற்கொள்ளப்பட்ட நடையும் ஒன்றுண்டு. அது கதிர்காம யாத்திரை. ஆடிமாத விழாவுக்கென ஊவாத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் மலையிறங்கிப் புத்தளை வழியாகத் தென்கிழக்கு நோக்கி நடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாந்திபேதியைக் காரணங்காட்டி ஆங்கில அரசு இவ்யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. இருப்பினும் அது நின்றுவிடவில்லை. ஊவாவில் வறண்ட காற்று வீசும் யூலை முதல் செப்ரெம்பர் வரையான காலமே உயர்ந்த மணமுள்ள தேயிலை கிடைக்கும் பருவம். அப்பருவத்தில் வரும் விழாவுக்கென வேலையை விட்டு நடந்தோர், தம் கால்களைத் தமக்கென்று பயன்படுத்திய சில நாள்கள் அவை எனலாம்.

புகையிரதம் 1894இல் பண்டாரவளையையும், முப்பதாண்டுகள் கழித்து 1924இல் பதுளையையும் அடைந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் எழுந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியபின், வருவோரின் நீண்ட நடை முடிவுற்றது. ஆனால் அதே புகையிரதம் பின்னர்ப் பிரிவுக்கும் கருவியாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. லயனிலிருந்து நிலையம் வரை மூட்டைமுடிச்சுகளோடு நடந்து, தலைமன்னாருக்குச் செல்லும் வண்டியில் ஏறியோரை உறவினர் அழுது வழியனுப்பினர். அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி' என்பது.

இவ்விடத்தில், தமிழர் குடியேறிய பிறிதொரு தீவினை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. இந்துமாகடலிலுள்ள ரீயூனியன் உண்மையான எரிமலைத் தீவு. அங்குள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் இன்றும் அடிக்கடி குமுறுவது. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கெனத் தமிழர் பலர் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். அத்தீவின் மலைப்பாதைகளும் குடும்ப நடைக்குப் பெயர்போனவை. வீதியே இல்லாது கால்நடையாக மட்டும் அடையத்தக்க மஃபாத் என்னும் பள்ளத்தாக்கு, தோட்டங்களிலிருந்து தப்பியோடி அங்கு ஒளிந்து வாழ்ந்த அடிமைகளின் தலைவன் ஒருவன் பெயரைத் தாங்கியுள்ளது. அங்கு நடப்பவன் அப்பெயரைச் சொல்லும்போதே வரலாற்றையும் சொல்கின்றான். ஊவாவிலோ பாதையின் பெயர்ப்பலகைகள் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையும் கம்பனியின் பெயரையுமே பெரும்பாலும் தாங்குகின்றன. கான் வெட்டியோர் இட்ட பெயர்கள் அவர்தம் பேச்சில் மட்டுமே வாழ்கின்றன.

தோட்டத்து வழக்கில் தேயிலை நிரை ஒவ்வொன்றும் அமைந்த பகுதிக்கு 'மலை' என்றே பெயர். கோயில், பாறை, ஓடை, மரம், பழைய கங்காணி என ஏதேனும் ஒன்றால் ஒவ்வொரு மலையும் அடையாளம் பெறும். இப்பெயர்கள் நிலப்படங்களில் இல்லை. தேயிலை கைவிடப்பட்டுக் காடாகும் இடங்களிலும், இளையோர் கொழும்புக்குத் தொழில் தேடிச் செல்லும் இடங்களிலும் இவை முதியவர்களோடு மறைகின்றன.

அண்மை ஆண்டுகளில் இருவகை நெடுநடைகள் மலையகத்தில் கவனம் பெற்றன. கண்டிக்கருகே ஹந்தானையிலிருந்து அப்புத்தளை, எல்ல வழியாகச் சுழன்று நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைவழி, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கின்றது; பழைய தோட்டப் பாதைகளே அதன் பெரும்பகுதி. மற்றையது, மலையக மக்கள் வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023 யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோர் மேற்கொண்டது. முன்னது இயற்கையழகை நோக்கியது. பின்னது காணியுரிமை, வீட்டுரிமை, மதிப்பு ஆகியவற்றை வேண்டியது. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்கள் புதையுண்டதை நினைவுகூர்வோர், பின்னதன் வேண்டுகோளை எளிதில் உணர்வர். ஒருவர்க்குக் காட்சியாகத் தோன்றும் சரிவு பிறிதொருவர்க்கு உறங்குமிடம்.

குடும்பமாக மலையில் நடத்தல் நல்லது, அது வளரவேண்டும். தோட்டப் பிள்ளைகளும் தம் பெற்றோருடன், கூடையும் கவ்வாத்துக் கத்தியுமின்றி, அப்பாதைகளில் ஒரு நாளேனும் நடத்தல் வேண்டும். அதற்கு விடுமுறையும் போதிய கூலியும் தேவை என்பதை மறுப்பாரிலர். நம்மால் உடனே செய்யத்தக்கது ஒன்றுண்டு. கலைப்பீட மாணவர்களுள் மலையகத்திலிருந்து வருவோர் பலர். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்து முதியவர் ஒருவருடன் நடந்து, மலைகளின் பெயர்களையும் பாதைகளின் பெயர்களையும் கேட்டெழுதி வருவாராயின், சில ஆண்டுகளில் ஊவாவின் தமிழ்ப் பெயர்ப்படம் ஒன்று உருவாகும். பெயர்ப்பலகை நடுவோர்க்கு அதன்பின் எழுதுவதற்குப் பெயர் இல்லை என்னும் குறை இராது.