கசெட்டில் வந்த கடிதங்கள்

நமது சமூக வரலாற்றை எழுதுவோர் ஏடுகளையும் தோம்புகளையும் பள்ளிவாசல் பதிவேடுகளையும் தேடுகிறார்கள். வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய கசெட்டும் ஒரு வரலாற்று மூலம்தான்.

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் பெர்லினில் கசெட்டை அறிமுகம் செய்தது. 1973இல் எண்ணெய் விலை ஏற, வளைகுடா நாடுகளில் வேலைகள் பெருகின. 1977இன் பின் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் டேப் ரெக்கோடரோடு ஊர் திரும்பினார்கள்.

அன்று கடல்கடந்த தொலைபேசி அழைப்புக்குப் பெருஞ்செலவு. எழுத்தறியாத உம்மாவுக்குக் கடிதம் வந்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைதான் வாசித்துச் சொல்ல வேண்டும். வீட்டு ரகசியம் ஊருக்குப் போய்விடும். கசெட் அந்த இடையாளை இல்லாமலாக்கியது. வாப்பாட சுகம் எப்படி, ஈடு வெச்ச காணிய மீட்டாச்சா என்றெல்லாம் மகள் தன் வாயாலேயே கேட்கலாம். கடிதத்தில் எழுத்துத் தமிழுக்குள் ஒடுங்கிப்போன நம் பெண்களின் பேச்சுமொழி, நாடாவில் விம்மலோடும் சிரிப்போடும் அப்படியே பதிவானது.

ஆனால் அதே நாடாவின் மேல் பதில் பேசித் திருப்பி அனுப்பினால் முந்திய குரல் அழிந்துவிடும். மிஞ்சியவற்றையும் ஈரமும் பூஞ்சணமும் தின்கின்றன. போட்டுக் கேட்கும் பெட்டிகளும் அருகிவிட்டன.

இக்குரல்கள் அமானிதம். பேசியவரிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி பெற்று, இப்போதே கணினிக்கு மாற்றுங்கள். பேசியவர் யார், எங்கிருந்து, எந்த ஆண்டு என்பதையும் கூடவே எழுதி வையுங்கள்.