குழாய்க்குள் கரைபொருள்: டெய்லர் சுருக்கிய சமன்பாடும் அது செல்லும் எல்லையும்

மெல்லிய குழாயில் நிதானமாக ஓடும் நீரில் ஒரு துளிச் சாயத்தைச் செலுத்தினால் அது எப்படிப் பரவும்? இதற்கு வேண்டிய அடிப்படை விதிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டன. குழாய் ஓட்டத்தின் விதியை ஹாகன் 1839இலும் அவரைத் தொடர்ந்து பாய்சொய்யும் தந்தனர். விரவல் விதியை 1855இல் ஃபிக் தந்தார். இவ்விரண்டையும் சேர்த்துக் கையாள்வதற்கான எளிய வழி பிறக்க மேலும் நூறாண்டு ஆயிற்று.

இடையில் 1911இல் கிரிஃபித்ஸ் ஒரு விந்தையைப் பதிவு செய்தார். குழாயின் மையத்தில் நீர் சராசரியைப் போல் இரு மடங்கு வேகத்தில் ஓடுகிறது; சுவரை ஒட்டிய நீர் அசைவதே இல்லை. அப்படியிருந்தும் சாயப்பட்டை சராசரி வேகத்திலேயே நகர்ந்தது, முன்னும் பின்னும் சமமாகவே விரிந்தது. அப்படியானால் மையத்து நீர் சாயப்பட்டையைப் பின்னிருந்து எட்டிப் பிடித்து, சாயத்தை ஏற்று, முன்புறம் வெளியேறும்போது அதை விட்டுவிட்டுப் போகிறது என்றாகிறது.

இதன் காரணத்தை விளக்கியவர் கேம்பிரிட்ஜின் ஜி. ஐ. டெய்லர். அவருடைய 1953ஆம் ஆண்டுக் கட்டுரையின் வாதம் இது: ஓட்டம் சாயத்தை நீளவாக்கில் இழுக்கிறது, மூலக்கூறு விரவல் அதைக் குறுக்குவாக்கில் சமன்செய்கிறது. குறுக்குவாக்கில் சமன்செய்தல் விரைந்து நடந்தால், ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் சராசரிச் செறிவை மட்டும் கணக்கில் கொண்டாலே போதும். இரு பரிமாணக் கணக்கு ஒரு பரிமாணத்துக்குச் சுருங்கிவிடுகிறது. ஆரத்தின் வர்க்கத்தைச் சராசரி வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, விரவல் கெழுவின் 48 மடங்கால் வகுத்தால் நெடுக்குப் பரவல் கெழு கிடைக்கும். விரவல் கெழு வகுக்கும் இடத்தில் நிற்பதைக் கவனிக்க வேண்டும்: மூலக்கூறுகள் மெதுவாக விரவினால் சாயம் அதிகமாகப் பரவும். சுமார் அரை மில்லிமீட்டர் துளையுள்ள கண்ணாடிக் குழாயில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை ஓட்டி, நிறத்தை ஒப்பிட்டுச் செறிவை அளந்து, தம் கணக்கை டெய்லரே சரிபார்த்தார்.

எண்களை இட்டுப் பார்ப்போம். ஆரம் 0.25 மி.மீ., சராசரி வேகம் நொடிக்கு 1 மி.மீ., விரவல் கெழு நொடிக்கு 0.001 சதுர மி.மீ. என்று கொள்வோம். பரவல் கெழு விரவல் கெழுவைப் போல் ஏறத்தாழ 1,300 மடங்காகிறது. சாயம் ஒரு மீட்டர் கடக்க 1,000 நொடிகள் ஆகும். அதற்குள் பட்டையின் திட்டவிலக்கம் சுமார் 5 செ.மீ. மட்டுமே. குறுக்கு விரவல் இல்லாதிருந்தால் சாயத்தின் முனை 2 மீட்டர் போயிருக்கும். வால் புறப்பட்ட இடத்திலேயே ஒட்டிக் கிடந்திருக்கும்.

டெய்லர் 1954இல் கொந்தளிப்பு ஓட்டத்துக்கும் இவ்வாதத்தை விரித்தார். 1956இல் ரூதர்ஃபோர்ட் ஆரிஸ் செறிவின் திருப்புத்திறன்களைக் கொண்டு, டெய்லர் விட்டுவிட்ட நேரடி நெடுக்கு விரவலையும் கூட்டல் உறுப்பாகச் சேர்த்தார். 1958இல் கோலே நுண்குழாய் வளிம நிறப்பகுப்பியலுக்கு இதையே அடித்தளமாக்கினார். கில், சங்கரசுப்பிரமணியன் ஆகிய இருவரின் 1970ஆம் ஆண்டு ஆய்வு, பரவல் கெழு தொடக்கத்தில் சிறிதாக இருந்து காலப்போக்கில் வளர்ந்தே டெய்லர்-ஆரிஸ் மதிப்பை எட்டுகிறது எனக் காட்டியது. என் பார்வையில் இவற்றுள் மிக முக்கியமானது இதுதான். சுருக்கப்பட்ட மாதிரி எப்போது உண்மையாகிறது என்பதை அது சொல்கிறது.

அந்த எல்லையை டெய்லரே வகுத்திருந்தார். கழிந்த காலம், ஆர வர்க்கத்தை விரவல் கெழுவின் 14.4 மடங்கால் வகுத்துக் கிடைக்கும் காலத்தைவிட மிகப் பெரிதாக இருக்க வேண்டும். மேற்சொன்ன குழாயில் இது நாலரை நொடிக்கும் குறைவு, ஆகவே கவலையில்லை. ஆரம் 1 செ.மீ. ஆனாலோ ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகிவிடும். அத்தகைய குழாயில் சில நிமிட ஓட்டத்துக்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டால் விடை தவறாகவே வரும். 48 என்ற எண்ணை அச்சிடும் பாடநூல்கள் இந்தக் கால நிபந்தனையையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.